ஐந்திணைக்கு வெளியே: புதிய காதல் நாவல் ஒன்றைப் படித்தபின்

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் வீதியில், பூக்கடைகளுக்கும் புடைவைக் கடைகளுக்கும் இடையே, தமிழ் வார, மாத இதழ்களும் நாவல்களும் விற்கும் கடையொன்று உண்டு. ஆய்வுக்குத் தேவையான நூல் எதுவும் அங்கே கிடைக்காது என்று தெரிந்தேதான் அக்கடைக்குச் செல்கிறேன். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் குடும்ப நாவல்கள். அண்மையில் அவ்வாறு வாங்கிய நாவலொன்று நானூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. முதிர்ந்த வாசகர்களுக்கு உரியது என்ற குறிப்பு பின்னட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. கதையின் பிற்பாதி பினாங்கில் நிகழ்கிறது என்று கடைக்காரர் சொன்னதே அதை நான் வாங்கியதற்குக் காரணம். தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் நம் ஊரை எப்படிக் கண்டிருக்கிறார் என்று அறியும் ஆவல் இருந்தது. இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். கையிலிருந்து கீழே வைக்க முடியாமல் படித்த நூலொன்று, முடித்தவுடன் இவ்வளவு கசப்பைத் தருவானேன்? அந்த ஏமாற்றத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலின் பெயரையும் அதன் ஆசிரியர் பெயரையும் இங்கே நான் குறிக்கவில்லை. அன்பின் ஐந்திணைப் பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் விதித்த மரபு. அங்கே பேசப்படும் உணர்வு ஒருவர்க்கு மட்டும் உரியதன்று, மக்கட்குப் பொதுவானது என்பது அதன் கருத்து. இந்நாவலின் குறையும் அத்தகையதே. இதற்குச் சொல்வது அதே அலமாரியில் இருந்த வேறு பத்து நாவல்களுக்கும் பொருந்தும். புனைபெயரில் எழுதும், அநேகமாக இளவயதினராகிய ஒருவர் தலையில் ஒரு வகைமையின் பிழை முழுவதையும் சுமத்துவது நேர்மையாகாது.

இவ்வகை நாவல்களை வெளியில் நின்று பழிப்பது எளிது. நம் துறையினரிடையே அது நெடுநாள் வழக்கமுங்கூட. நான் வெளியில் நிற்பவள் அல்லள். என் தாயார் பட்டர்வொர்த்தில் தையல் வேலை செய்துவந்த காலத்தில், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைத் தாள் தாளாகப் பிரித்தெடுத்துத் தம் கையாலேயே தைத்து அட்டை போட்டு வைத்திருந்தார். அந்தத் தையல் நூல்கள் மூன்று வீடுகளுக்குச் சென்று திரும்பிவரும். இடைநிலைப்பள்ளியில் படித்த நாளில், பாடநூலுக்குள் ரமணிசந்திரனை வைத்துக்கொண்டு ஃபெரியில் கடல் கடந்த மாணவியருள் நானும் ஒருத்தி. 'வெண்ணிலவு சுடுவதென்ன' என்னும் தலைப்பை உச்சரிப்பதே அந்த வயதில் ஓர் இன்பமாக இருந்தது. பிற்காலத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டபோது, குளிர்கால இரவுகளில் நான் தேடியதும், சொல்ல வெட்கமில்லை, அத்தகைய கதைகளைத்தான்.

இவ்வகை எழுத்து நம் இலக்கிய வரலாற்றின் புறக்கடையில் நிற்பதும் அன்று. வை. மு. கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, வீட்டுக்குள் இருந்த பெண்களைப் படிக்கும் கூட்டமாக மாற்றினார். மருத்துவராகிய லக்ஷ்மி, பெண்களுக்கான குடும்ப நாவல்களை எழுதிக்கொண்டே 1984-இல் சாகித்திய அகாதமியின் விருதையும் பெற்றார். இந்த மண்ணின் கதையோ இன்னும் சுவையானது. மலேசியத் தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் நூல் 1917-இல் வெளிவந்தது. அதன் பெயர் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. நம் நாவல் பிறந்ததே காதலைத் தலைப்பில் சூடிக்கொண்டுதான். ஆதலின், காதல் நாவல் என்பதற்காக ஒரு நூலை நான் குறைகூற முற்படவில்லை. காதல் நாவலென்று சொல்லிக்கொண்ட நூலில் காதல் இல்லை என்பதே என் முறையீடு.

ரமணிசந்திரனின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பு உண்டு. தலைவன் செல்வன், ஆலையோ நிறுவனமோ நடத்துபவன், சொல்லில் கடுமையுள்ளவன். தலைவி வசதியில் குறைந்தவள், தன்மானத்தில் குறையாதவள். இருவரிடையே ஒரு தவறான எண்ணம் முளைக்கிறது. அது தீர்வதற்குள் இருநூறு பக்கங்கள் கடந்துவிடும். இந்த அமைப்பைக் கேலி செய்யாத திறனாய்வாளர் இல்லை. ஆயினும், தலைவன் உயர்ந்தவனாக இருப்பதைக் கேலி செய்பவர்கள் தொல்காப்பியரையும் சேர்த்துக் கேலி செய்யவேண்டியிருக்கும். தலைமக்களுக்குள் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, அருள் முதலாகப் பத்து வகை ஒப்புமை வேண்டுமென்று மெய்ப்பாட்டியல் கூறினும், தலைவன் மிக்கவனாக இருப்பின் தடையில்லை என்று களவியல் ஒரு சாளரத்தைத் திறந்துவைக்கிறது. குடும்ப நாவலின் ஆலை முதலாளிகள் அனைவரும் அந்தச் சாளரத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள் போலும்!

ஆனால், அந்தக் கதைகள் செய்த ஒரு வேலையை மறக்கக்கூடாது. தவறாக எண்ணிய தலைவன், தான் தவறாக எண்ணினான் என்பதைப் பெரும்பாலும் தானே கண்டறிய வேண்டியிருந்தது. அவள் முகம் வாடியதற்குக் காரணம் என்ன, அவள் அந்தப் பணத்தை ஏன் திருப்பிக் கொடுத்தாள், அன்று மாலை ஏன் பேசாமல் எழுந்து சென்றாள் என்றெல்லாம் அவன் எண்ணிப் பார்த்தான். அவன் அவளைப் படித்தான். பதினேழு வயதில் எங்களை அந்நாவல்களில் கட்டிப்போட்டது அவனுடைய மாளிகையோ மகிழுந்தோ அன்று. ஒருவன் ஒருத்தியைப் பற்றி இவ்வளவு நேரம் சிந்திக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்புத்தான்.

இனிப் புதிய நாவலுக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளாக, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதப்பட்டுப் பின்னர் அச்சேறும் குடும்ப நாவல்களுக்குள் 'ஆன்டி ஹீரோ' கதை என்று வாசகர்களே பெயரிட்டழைக்கும் ஒரு கிளை செழித்துள்ளது. எதிர்நாயகன் என்று நாம் இதைத் தமிழாக்கலாம். ஆனால் அச்சொல் குறிக்கும் இலக்கியக் கருத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே அது தலைவியைத் துன்புறுத்தும் தலைவன் என்ற ஒரே பொருளில் வழங்குகிறது. நான் படித்த நாவலில் தலைவியின் தந்தை தன் குடும்பத்துக்குத் தீங்கிழைத்தார் என்று நம்பும் தலைவன், பழிவாங்கும் நோக்கில், கோவிலொன்றில் அவள் கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். பின்னர் அவளைப் பினாங்குக்குக் கொண்டுவருகிறான். கதையின் நடுப்பகுதியில், அவள் விருப்பத்துக்கு மாறாக, கணவன் என்னும் உரிமையைக் கைக்கொள்கிறான். அப்பகுதி பதினொரு பக்கம் நீள்கிறது. இறுதிப் பகுதியில் தந்தை குற்றமற்றவர் என்று தெரியவருகிறது. தலைவன் ஒரு பக்கம் அழுகிறான், தலைவி மன்னிக்கிறாள். முடிவுரையில் இரட்டைக் குழந்தைகள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெருந்திணை. பொருந்தாக் காமத்தின் பகுதிகளாகத் தொல்காப்பியர் எண்ணிய நான்கனுள், காமம் அளவு கடந்து வலிமையைக் காட்டிப் பற்றுதல் ஒன்று. மணம் எட்டு என்னும் பகுப்பைத் தமிழ்த் திணையோடு பொருத்திப் பார்த்த உரையாசிரியர்கள், அசுரம், இராக்கதம், பைசாசம் ஆகிய மூன்றையும் கைக்கிளையின்பாற்படுத்தினர். இரு வழியில் எவ்வழிச் சென்றாலும், வன்மணமும் வன்புணர்ச்சியும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிற்கின்றன. அப்படிப்பட்டவை உலகில் இல்லை என்று நம் இலக்கணிகள் சொல்லவில்லை. அவற்றுக்கு ஒரு பெயரிட்டு, ஓர் இடம் ஒதுக்கி, இது அதுவன்று என்று கோடு கிழித்தார்கள். புதிய நாவல் அந்தக் கோட்டை அழித்ததே சிக்கல். பெருந்திணையை எழுதுவதாகச் சொல்லி எழுதியிருந்தால் அது கடுமையான, ஒருவேளை சிறந்த நாவலாகவும் இருந்திருக்கும். அதனைக் குறிஞ்சி என்று பெயரிட்டு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

என் இறுதியாண்டு மாணவி ஒருத்தி இவ்வகை நாவல்களைத் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினார். நல்ல வாசகி, நான் பத்துப் படித்திருந்தால் அவர் நூறு படித்திருப்பார். இத்தகைய தலைவனை எப்படி ஏற்றுக்கொள்ள முடிகிறது என்று கேட்டேன். "அவனுக்குள்ள காதல் இருந்துச்சு டாக்டர், அவளுக்குத்தான் அது புரிய நாளாச்சு," என்றார். இந்த விடையைப் பல நாள் மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். திருக்குறள் காமத்துப்பாலில் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. தலைவியின் பார்வையிலும் நாணத்திலும் சிரிப்பிலும் உள்ள குறிப்பைத் தலைவன் உணர்ந்துகொள்வதே அங்கே பெரும்பகுதியும் பேசப்படுகிறது. படிக்கும் கடமை அவனுடையது. தவறாகப் படித்தால் இழப்பும் அவனுடையது. மாணவியின் விடையில் இந்தக் கடமை இடம் மாறிவிட்டது. அவன் அறைவதையும் அடைத்து வைப்பதையும் காதலின் குறிப்பாகப் படித்தறியும் வேலை இப்போது அவளுக்கு. அவள் தேர்ச்சி பெற நானூறு பக்கம் பிடிக்கிறது. அதுவரை அவள்தான் புரியாதவள், பிடிவாதக்காரி.

அம்மாணவியே, பேச்சின் போக்கில், தம் அறைத்தோழியைப் பற்றியும் சொன்னார். அத்தோழிக்கு நிச்சயிக்கப்பட்டவர் அவருடைய கைப்பேசியை வாங்கி நாள்தோறும் சோதிப்பாராம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார் என்று தோழி சொல்வாராம். நாவலைப் படித்ததனால் அப்பெண் இப்படி எண்ணினார் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். ஒரு நூலுக்கும் ஒரு வாழ்க்கைக்கும் இடையே அப்படி நேர்க்கோடு இழுப்பது ஆய்வு நெறியாகாது. ஆனால், இரண்டும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதைக் கவனிக்காமலிருக்கவும் முடியவில்லை.

வாசகியரின் பக்கம் நின்று இதனை ஆராய்ந்த நூலாக, ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' இன்றும் மதிக்கத்தக்கது. சிறு நகரொன்றின் புத்தகக் கடை ஊழியர் ஒருவரைச் சுற்றி அமைந்திருந்த பெண் வாசகர் கூட்டத்தோடு அவர் உரையாடினார். காதல் நாவலைக் கையில் எடுப்பதே, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இடையறாது பணி செய்யும் பெண் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நேரம் என்று அவர் கண்டறிந்தது என் தாயாரின் தையல் நூல்களை எனக்கு வேறு வெளிச்சத்தில் காட்டியது. அவர் கண்ட மற்றொன்று நம் பொருளுக்கு நெருக்கமானது. அந்தப் பெண்கள் எல்லா நாவல்களையும் ஏற்கவில்லை. தலைவன் வரம்பு மீறிக் கொடியவனாக இருந்தால் அதைத் தோல்வியுற்ற நாவலாகவே ஒதுக்கினார்கள். அதே சமயம், தலைவனின் தொடக்கக் கடுமையை மறைந்திருக்கும் அன்பாக மறுவாசிப்புச் செய்யவும் அவர்கள் பழகியிருந்தார்கள். என் மாணவியின் விடை அங்கே ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது.

ஆங்கில வணிக நாவலும் இந்தச் சேற்றில் இறங்கி எழுந்ததுதான். 1972-இல் வெளிவந்த கேத்லின் வுடிவிஸின் 'தி ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்' நாவலில் தலைவியைப் பலவந்தம் செய்தவனே பின்னர் அன்புக் கணவனாகிறான். அதன் விற்பனை ஒரு பெரும் அலையை எழுப்பியது. அவ்வலை அடங்கிய பின் அவ்வகைமையை எழுதுவோரும் படிப்போரும் இணக்கம் என்பதைக் கதையின் உட்பொருளாகவே விவாதிக்கத் தொடங்கினர். தமிழில் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்துள்ளது. கைதொட்டால் அத்தியாயம் முடிந்துவிடும் மரபிலிருந்து புறப்பட்டவர்கள், உடலைப் பற்றி எழுதும் துணிவு வந்தவுடன், விருப்பத்தின் உடலை விட்டுவிட்டு அச்சத்தின் உடலைத் தேர்ந்துகொண்டார்கள்.

உடலைப் பற்றி எழுதியதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சங்க அகப்பாடலையும் காமத்துப்பாலையும் வகுப்பறையில் நடத்துபவர்க்கு அப்படி ஒரு மனத்தாங்கல் இருக்கவும் கூடாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1956-இல் 'சுதேசமித்திர'னில் தொடராக வந்த முதிர்ந்தவர்களுக்கான காதல் கதை. பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். அந்த மறுப்புக்கும், பல ஆண்டு கழித்து அவள் தானே எடுக்கும் முடிவுக்கும் இடையே நாவல் முழுவதும் நிகழ்ந்துவிடுகிறது. அவன் காத்திருப்பது சோம்பலன்று, அதுவே கதை. நான் வாங்கிய நாவலில் காத்திருக்க வேண்டியவன் ஏழாம் பக்கத்திலேயே தாலியோடு நிற்கிறான். எனவே, சொல்லக் கதையில்லாமல் ஆசிரியர் சித்திரவதையை அடுக்கிக்கொண்டு போகிறார். இது அறக்குறை என்பதற்கு முன்னர் கலைக்குறை.

பலவந்தம் செய்தவனிடமே ஒரு பெண் திரும்பிச் செல்லும் கதையைத் தமிழில் எழுதவே கூடாதா என்று கேட்கலாம். எழுதியிருக்கிறார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் 'ஆனந்த விகட'னில் வந்தது. மழையில் நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் சென்று கெடுத்தவனைப் பற்றியும், வீடு திரும்பிய மகளின் தலையில் நீரூற்றித் தூய்மையானவள் என்று சொன்ன தாயைப் பற்றியுமான சிறுகதை. அன்றைய வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய ஏமாற்றம் தாய் மன்னித்துவிட்டாள் என்பது. ஜெயகாந்தன் அந்தக் கொதிப்பை வீணாக்கவில்லை. தாய் அப்படிச் செய்யாமல் ஊரறிய அலறியிருந்தால் என்னாகும் என்று எண்ணி, 1970-இல் நூலாகி 1972-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதில் கங்கா, தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோடு நட்புக் கொள்கிறாள். அவனைச் சார்ந்தும் போகிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் புதிய நாவலின் பாட்டனார் இதுவே என்று தோன்றும். கூர்ந்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். பிரபு கம்பீரமானவனாக வருவதில்லை. தன் வீட்டிலேயே மதிப்பிழந்த, பலவீனமான மனிதனாக வருகிறான். செய்தது இன்னதென்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வாசகனுக்கும் தெரியும். அதை ஒருவரும் காதல் என்று பெயர் மாற்றுவதில்லை. அவர்களுக்குத் திருமணம் நிகழ்வதில்லை. அவன் விலகிப்போகிறான், கங்கா உடைந்துபோகிறாள். பாதுகாப்புத் தந்தவராகிய மாமாவின் கையே அவள்மீது தவறான எண்ணத்தோடு படர்வதையும் ஜெயகாந்தன் மறைக்கவில்லை. முடிவு எனக்கு முழு நிறைவு தந்ததில்லை. கங்காவைக் குடிக்க வைத்தது எளிய வழி என்றே இன்றும் கருதுகிறேன். ஆனாலும், அந்த நாவல் தன் பெண்ணை ஏமாற்றவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த நாவல் ஏமாற்றுகிறது.

நம் ஊருக்கு வருவோம். பினாங்குக் கொடிமலையில் தலைவனுக்குத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது என்கிறார் ஆசிரியர். 1923 முதல் ரயில் ஏறி இறங்கும் அந்த மலையில் எங்கே தேயிலை விளைகிறது என்று நான் அறியேன். தேயிலையைக் காண வேண்டுமானால் கேமரன் மலைக்குத்தான் போகவேண்டும். இது சிறு பிழை, சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். கடக்க முடியாதது வேறொன்று. தலைவி அந்த மலை வீட்டில் மூன்று மாதம் இருக்கிறாள். அந்த மூன்று மாதத்தில் வேலைக்காரப் பெண்ணொருத்தியைத் தவிர அவளோடு யாரும் பேசுவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் பெயரில்லை.

ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ புதிதாக ஒரு தமிழ்ப்பெண் குடிவந்தால் மூன்று மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து பார்ப்பார்கள் என்பது இவ்வூரில் வாழ்ந்தவர்க்குத் தெரியும். எந்த ஊர், யார் மகள், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காமல் போகமாட்டார்கள். சில சமயம் அது தொல்லையாகவும் இருக்கும். ஆனால், அகப்பாடலில் தோழி செய்த வேலை அதுதான். தலைவியின் துயரைத் தலைவனுக்குச் சொல்பவள் அவள். வரைந்துகொள் என்று வற்புறுத்துபவள் அவள். பரத்தையிற் பிரிந்து வந்தவனை வாயிலில் நிறுத்தி உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. தமிழ்க் காதல் மரபு ஒருபோதும் இருவரை மட்டும் ஓர் அறையில் பூட்டிவைத்ததில்லை. புதிய நாவல் முதலில் தோழியை அகற்றுகிறது. தோழியை அகற்றுவதற்காகவே தலைவியைக் கடல் கடத்துகிறது. பினாங்கு அந்த ஆசிரியருக்கு ஓர் ஊராகப் பயன்படவில்லை; கூப்பிட்டால் குரல் கேட்காத இடமாகப் பயன்பட்டிருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழர் குடியிருக்கும் தீவு இது. குயின் வீதி மாரியம்மன் கோவில் 1833-இல் எழுந்தது. இப்படி ஒரு தீவை ஆளரவமற்ற மலையாக மாற்றியதற்கு எவ்வளவு புறக்கணிப்புத் தேவைப்பட்டிருக்கும்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டாயத் தாலியை நாவல் முழுவதும் மாற்ற முடியாத விதியாகவே ஆசிரியர் நடத்துகிறார். தலைவியும் மற்றவரும் அது திருமணமா என்று ஒருமுறைகூட ஐயுறுவதில்லை. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலேயே, வலுக்கட்டாயத்தால் இசைவு பெறப்பட்ட திருமணத்தை நீதிமன்றத்தின் வழி நீக்கிக்கொள்ள இடமுண்டு. மலேசியாவில் 1982 முதல் நடப்புக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், இருவரும் மனமொப்பியே மணக்கிறார்கள் என்று பதிவாளர் நிறைவுகொண்டாலன்றித் திருமணம் நடத்தக்கூடாது என்கிறது. இந்நாட்டுப் பெண்கள் பதிவு அலுவலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தான் கையெழுத்திடுகிறார்கள். சட்டநூலை நாவலாசிரியர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், கதையில் யாராவது ஒருவர், ஒரு பெரியம்மாவாவது, இதெல்லாம் கல்யாணமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கதை முடிந்துவிடும் என்னும் அச்சம் ஆசிரியருக்கு இருந்திருக்கிறது. அங்கேதான் உண்மையான கதை தொடங்கியிருக்கும்.

பினாங்கைக் காதலுக்குக் களமாக்கி எழுதியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. ரெ. கார்த்திகேசு 1999-இல் வெளியிட்ட 'காதலினால் அல்ல' இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்து மாணவர் வாழ்க்கையையும் பகடிவதையையும் காதலோடு பிணைத்துச் சொன்னது. அதில் வரும் இளைஞர்களை நம் விரிவுரை மண்டபங்களில் இன்றும் காணலாம். பேராசிரியராக இருந்து எழுதியவர் என்பதால் சில இடங்களில் அறிவுரை தலைகாட்டும். அதைப் பொறுத்துக்கொள்வது எனக்குக் கடினமாக இருந்ததில்லை. லெபோ பாசார்க் கடையில் அந்த நூலைக் கேட்டேன். இல்லையென்றார்கள், எப்போதாவது இருந்ததா என்று நினைவில்லை என்றும் சொன்னார்கள். சென்னையிலிருந்து கட்டுக் கட்டாக வந்திறங்கும் நூல்களுக்கு முன்னால் இங்கு எழுதப்படுபவற்றுக்கு அலமாரியில் இடமில்லை என்பது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

நாவலை முடித்த மறுவாரம் என் தாயாரிடம் அதைக் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண்பார்வை மங்கியிருக்கிறது. ஆயினும் நாளுக்கு முப்பது பக்கம் படிப்பதை விடவில்லை. மூன்றாம் நாள் நூலைத் திருப்பித் தந்தார். அறுபதாம் பக்கத்தில் ஒரு கிழிந்த துணித்துண்டு அடையாளமாக இருந்தது. காரணம் கேட்டேன். "இவன் எப்பம்மா இவகிட்ட பேசுவான்?" என்றார். பேசுகிறான் அம்மா, 391-ஆம் பக்கத்தில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு நாள் அந்தப் பெண் அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த திறனாய்வு முறைகளுள் எதுவும் இதைவிடச் சுருக்கமாக அந்நூலை அளந்துவிடாது.

ஆயினும், அவரைத் தொடர்ந்து படிக்கச் சொல்லியிருக்கலாமோ என்ற எண்ணம் எனக்கு உண்டு, ஓர் அத்தியாயத்துக்காக. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தலைவி யாருக்கும் தெரியாமல் மலையிலிருந்து இறங்கி, தண்ணீர்மலைக் கோவிலுக்குச் செல்லும் கூட்டத்தில் கலந்துவிடுகிறாள். வெள்ளி ரதம் வரும் வழியில் சீனர்களும் தமிழர்களும் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருப்பதை ஆசிரியர் அறியவில்லை. தெரு வெறுமையாகவே இருக்கிறது. ஆனால், ஒரு தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது. அங்கே ஒரு நடுத்தர வயதுப் பெண் அவளுக்கு மோர் தந்து, எந்த ஊர் என்று கேட்கிறாள். தலைவியால் விடை சொல்ல முடியவில்லை. தஞ்சாவூர் என்று சொல்ல வாயெடுக்கிறாள்; பினாங்கு என்று சொல்லவும் பார்க்கிறாள்; இரண்டும் வரவில்லை. அந்தப் பெண் மறுபடி கேட்காமல், அவள் கையிலிருந்த காலிக் குவளையை வாங்கி மீண்டும் நிரப்பிக் கொடுத்து, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். இரண்டரைப் பக்கம். வரிக்கு வரி உண்மை. இதை எழுதத் தெரிந்தவர்தான் மற்றதையும் எழுதினார் என்பதை நம்ப முடியாமல் அப்பகுதியை மூன்று முறை படித்தேன். அடுத்த பக்கத்தில் தலைவனின் கார் வந்துவிடுகிறது. பந்தலில் இருந்த பெண் அதன் பிறகு நாவலில் வருவதேயில்லை.